மதாம் என்கிற மீன்

நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் மீன்களில் ஆண் எது, பெண் எது என்று கண்டுபிடிப்பது சிரமம் என்று பலரும் சொல்கிறார்கள். சிரமம் ஒன்றும் இல்லை. பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பார்க்கத் தெரியாதவர்கள் சிரமம் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் ராஜவேல் அவர்களுக்கு, நேற்று நீங்கள் என் முன்னால் ஒரு தாளை நீட்டினீர்கள். "கைத்தவறுதலா நடந்துபோச்சுன்னு எழுதியிருக்குது. கீழ ஒரு கையெழுத்து போட்டுட்டு வீட்டுக்குக் கெளம்புங்க முசியே" என்றீர்கள். அரைப் பக்கம் கூட வராத அந்தத் தாளில் ஏழு ஒற்றுப்பிழைகள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஒற்றுப்பிழைக்காக மட்டும் இல்லை, தாளில் சொல்லியிருந்த விஷயமே பிழை. அதனால் என் கையாலேயே முழுதாக எழுதித் தருகிறேன். உங்கள் ஆட்கள் இதை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம்.

என் பெயர் தனிஸ்லாஸ். வயது அறுபத்தெட்டு. நெல்லித்தோப்பில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறேன். மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. இந்த ஊர்க்காரர்களின் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கொடுப்பது என் தொழில். முப்பத்தொரு வருடமாகச் செய்கிறேன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார், அப்பா பிரெஞ்சுக் குடிமகன் என்று சொல்லிக்கொண்டு என் மாடிப்படி ஏறி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு 'போன்ழூர்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அவர்களுக்கு வராததால்தான் எனக்குப் பிழைப்பு ஓடியது, அதை நான் மறுக்கவில்லை. ஊரில் எல்லோரும் என்னை ஐயா என்று சொல்லாமல், பிரெஞ்சில் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள்.

பல வருடம் சாயங்காலங்களில் பிரெஞ்சு வகுப்பும் நடத்தினேன். அந்த மொழியில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. கத்தி ஆண், கரண்டி பெண். ஏன் என்று கேட்கக் கூடாது, தெரிந்திருக்க வேண்டும். என் மாணவர்கள் சீட்டுக் குலுக்கிப் போடுகிறவர்களைப் போல வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். பிள்ளைச்சாவடியிலிருந்து ரெக்ஸ் என்று ஒருவன் சைக்கிளில் வருவான். கடலுக்குப் போகிற குடும்பம். ஆறு மாதம் படித்தான். ஆறு மாதமும் கரண்டியை ஆணாக்கி என் பிராணனை வாங்கினான். கடல் மட்டும் அவனுக்குத் தப்பாது. பிரெஞ்சில் கடல் பெண்பால். "அது எங்களுக்கு அம்மாங்க முசியே, அது எப்டி மாறும்" என்பான். நீங்கள் விசாரிக்கும் விஷயம் அந்த ரெக்ஸைப் பற்றியதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. பிறந்தவன் என்பதற்கும் பிறந்தவள் என்பதற்கும் பிரெஞ்சில் ஒரே உச்சரிப்பு. இரண்டும் 'நே'தான். எழுதும்போது பெண்ணுக்குக் கடைசியில் ஓர் ஈ எழுத்துக் கூடுதலாக வரும். காதுக்குக் கேட்காது, கண்ணுக்கு மட்டும் தெரியும். தாளில் நிஜ ஈ உட்கார்ந்தால் கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். தமிழில் குழந்தையை 'அது' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பிரெஞ்சில் அந்த வசதி இல்லை.

மீன் விஷயத்துக்கு வருகிறேன். என் முன்னறையில் மூன்றடி நீளத் தொட்டி ஒன்று இருக்கிறது. நீங்கள் சோதனை போட வந்தபோது உங்கள் கான்ஸ்டபிள் அதில் விரலை விட்டாரே, அதுதான். ஆப்பிரிக்காவில் தங்கனிக்கா என்று ஓர் ஏரி. அங்கே காலி நத்தை ஓடுகளுக்குள் வாழ்கிற மீன்கள் அவை. கடைக்காரர்கள் ஷெல் சிக்லிட் என்பார்கள். சுண்டுவிரல் நீளம் கூட வராது, உடம்பு முழுக்க மெல்லிய வரிகள். அடியில் மணல் பரப்பி, பாகூர்ப் பக்கத்து வயல்களில் பொறுக்கிய நத்தை ஓடுகளைப் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் ஓட்டைப் பிடித்துக்கொண்டு, சுற்றியுள்ள மணலை வாயால் அள்ளித் துப்பி வாசலைச் சரிசெய்யும். நிழல் பட்டால் ஓட்டுக்குள் மறைந்துவிடும். நான் பழகிய மனிதர்களைவிட ஒழுங்கான பிராணிகள்.

சென்னையிலிருந்து ஐந்து வாங்கினேன். மூன்று செத்து, இரண்டு மிஞ்சின. பெரியது ஒன்று, சிறியது ஒன்று. பெரியது தொட்டி முழுக்கச் சுற்றி வரும். சிறியது தன் ஓட்டின் வாசலை விட்டு நகராது. ஆண் பெரிதாக இருக்கும், பெண் சிறிதாக இருக்கும், பெண் வாசலிலேயே நிற்கும். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற விஷயம். பெரியதற்குப் பெரியவன் என்றும், சிறியதற்கு மதாம், அதாவது அம்மணி, என்றும் பெயர் வைத்தேன். பதினான்கு மாதம் ஆகியும் குஞ்சு பொரிக்கவில்லை. அதற்குத் தண்ணீர் காரணம். நெல்லித்தோப்புத் தண்ணீரில் பருப்பே வேகாது, மீன் எங்கே முட்டையிடும்?

இந்த ஊரில் மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. பாதிப் பேர் தண்ணீரை மாற்றாமல் மீனைக் கொன்றுவிட்டு, என்ன வியாதி என்று படம் அனுப்பிக் கேட்பார்கள். ஆணா பெண்ணா என்று சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பார்கள். நான் சொன்னால் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். முதலியார்பேட்டை ஜானகிராமன் மட்டும் ஏதாவது ஒரு கோமாளிப் படம் போடுவார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வந்து என் செய்தித்தாளைப் படித்துவிட்டுப் போவார்.

ஜனவரி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆஷ்லின் வந்தாள். ரெக்ஸின் மனைவி. கையில் நான்கு வயதுக் குழந்தை, பெயர் மெரின். அப்பனுக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று வேளாங்கண்ணியில் குழந்தைக்கு மொட்டை போட்டு வந்திருந்தார்கள். குழந்தை தொளதொளப்பான ஒரு பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டிருந்தது. தொட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றது.

ரெக்ஸுக்குத் தாத்தா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்திருந்தது. பாரிஸுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல் சமையலறையில் வேலை. குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆகும்போது போனவன், ஊருக்குத் திரும்பவில்லை. இப்போது கணையத்தில் கட்டி, விமானம் ஏற முடியாது, டாக்டர் ஆறு மாதம்தான் கெடு சொல்லியிருக்கிறார் என்று ஆஷ்லின் சொன்னாள்.

"புள்ளய ஒரே ஒரு தடவ மடியில வச்சிக்கணும்னு சொல்றாருங்க முசியே. புள்ளைக்கு அந்த ஊரு பாஸ்போர்ட்டு வந்தாத்தான் நாங்க ரெண்டு பேரும் போவ முடியும். அதுக்கு மொதல்ல பர்த் சர்டிபிகேட்ட பிரெஞ்சுல மாத்திக் குடுக்கணுமாம்."

வியாழக்கிழமை வா என்றேன். புதன்கிழமை உட்கார்ந்து முடித்து, முத்திரை குத்தி, உறையில் போட்டு ஒட்டிவைத்தேன். அதில் மெரின் பிறந்தவன் என்று இருந்தது. கடைசி ஈ இல்லை. பால் என்ற இடத்தில் ஆண் என்று இருந்தது. மூலச் சான்றிதழில் பெண் என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் ஆண் என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்றால், வியாழக்கிழமை நடந்ததால்.

அன்று ஜானகிராமனும் இருந்தார். ஆஷ்லின் உறையை வாங்க வந்தாள். குழந்தை நேராகத் தொட்டிக்குப் போய், "அதும் பேரு இன்னா?" என்று கேட்டது. மதாம் என்றேன். ஆஷ்லின் குனிந்து பார்த்தாள். பிள்ளைச்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு வண்ணமீன் பண்ணையில் அவளுக்கு வேலை. ஆண், பெண் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் விடுகிற வேலை, தினக்கூலிக்கு. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மதாமா? இது ஆணுங்க முசியே" என்றாள்.

நான் சிரித்தேன். பெரிய மனுஷத்தனமாகத்தான் சிரித்தேன். "பதினாலு மாசமா நான் பாத்துட்டிருக்கேன் அம்மா."

"பாத்துட்டுதான் இருந்தீங்க, திருப்பிப் பாக்கலியே" என்றாள். குறும்பாகச் சொல்லவில்லை, வேலைக்காரர்கள் வேலையைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள். "பெரிய ஆணு ஒன்னு கூட இருந்தா சின்ன ஆணு வளராதுங்க. அடி வாங்காம இருக்கறதுக்கு ஓட்டுலயே ஒட்டிக்கினு பொட்டை மாரியே கெடக்கும். பண்ணையில நாங்க தெனம் பாக்கறதுதான்."

தொட்டிக்குப் பக்கத்தில் சிறு வலை தொங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் கேட்கவில்லை. எடுத்தாள், ஓட்டை லேசாகச் சாய்த்தாள், மதாமை வலையில் வாங்கி ஈரக் கையில் மல்லாத்தினாள். "வயித்துக்குக் கீழ பாருங்க. முள்ளு மாரி கூரா இருக்குது. பொட்டைக்கு மொழுக்குன்னு அகலமா இருக்கும்." எல்லாம் சேர்ந்து ஐந்து விநாடி கூட ஆகாது. மீனைத் திரும்ப ஓட்டு வாசலிலேயே விட்டாள். நான் பார்க்கவில்லை. ஜானகிராமன் எழுந்து வந்து பார்த்தார்.

"போச்சுடா. இத்தினி நாளா ஒரு முசியேவப் புடிச்சு மதாம், மதாம்னு கொஞ்சியிருக்கீங்களே" என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். குழந்தையும் சேர்ந்து சிரித்தது. எதற்கென்று அதற்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் விஷயம் குழுவுக்குப் போய்விட்டது. நாற்பத்து மூன்று பேர் சிரிக்கிற முகங்களை அனுப்பியிருந்தார்கள். அதில் எட்டுப் பேருக்குத் தொட்டியே கிடையாது.

கூலிக்கு மீன் பிரிக்கிற ஒருத்தி, என் வீட்டில், என் மீனைத் தொட்டு, எனக்குப் பாடம் எடுத்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உறையை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்தாள்.

மூன்று வாரத்தில் அந்த உறை திரும்பி வந்தது. பிரெஞ்சு அலுவலகம் மரியாதையான நடையில் ஒரு கடிதம் இணைத்திருந்தது. மூலத்தில் பெண், மொழிபெயர்ப்பில் ஆண், மொழிபெயர்ப்பாளர் விளக்கம் தர வேண்டும், அவ்வளவுதான். ஆஷ்லின் அதை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தாள். வெயிலில் பஸ் மாறி வந்திருந்தாள்.

"வேல மும்முரத்துல மாறிப்போயிருக்கும். மனுசன்னா மாறத்தான செய்யும், இன்னா இப்ப? ஒரு எழுத்து, ஒரு வார்த்த. திருத்திக் குடுத்துடுங்க முசியே."

அவள் என்னை மன்னித்துக்கொண்டிருந்தாள். அதைக் கவனியுங்கள். சண்டை போட்டிருந்தால் ஒருவேளை திருத்தியிருப்பேன்.

திருத்துவதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் வெறும் திருத்தம் செல்லாது. கூடவே 'மேற்படி மொழிபெயர்ப்பில் நான் பிழை செய்தேன்' என்று பிரெஞ்சில் ஒரு வரி எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் நான் அந்த வரியை எழுதியதில்லை. மற்றவர்கள் மாதத்துக்கு இரண்டு எழுதுவார்கள், வெட்கமே இல்லாமல். அதுவும் எதில் பிழை? ஆணா பெண்ணா என்பதில். மீன் விஷயம் நாற்பத்து மூன்று பேருக்குத் தெரிந்த மூன்றாம் வாரத்தில்.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் எழுதினேன். 'என்னிடம் காட்டப்பட்ட மூலத்தில் இருந்தபடியே மொழிபெயர்த்தேன். அந்த மூலத்தில் ஆண் என்றே இருந்தது.' கையெழுத்து, முத்திரை, உறை, பசை. வெளியே வந்து, "சரி பண்ணிட்டேன், கொண்டுபோய்க் குடு" என்றேன்.

மறுநாள் ஒரு பை நிறைய நண்டு கொண்டுவந்து கொடுத்தாள். உயிரோடு இருந்த நல்ல நண்டு. ஆக்கித்தான் சாப்பிட்டேன்.

என் கடிதத்துக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். நான் பார்த்த சான்றிதழில் ஆண், இப்போது காட்டுகிற சான்றிதழில் பெண் என்றால், யாரோ நடுவில் சான்றிதழை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படிச் சந்தேகம் வந்தால் எந்த அலுவலகமும் கோப்பை அப்படியே நிறுத்திவிட்டு, மூலம் நிஜமானதுதானா என்று இங்கே விசாரிக்க ஆரம்பிக்கும். அதற்குக் குறைந்தது ஆறு மாதம் பிடிக்கும். அது என் தொழில், எனக்கு நன்றாகத் தெரியும். ரெக்ஸுக்கு டாக்டர் சொன்ன கெடுவும் எனக்குத் தெரியும். ஜனவரியில் சொன்ன கெடு, அதில் ஒரு மாதம் அப்போதே போயிருந்தது.

ஆஷ்லின் வேறு ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் போய்ப் பார்த்தாள். அவர் சரியாகத்தான் செய்து கொடுத்தார். ஆனால் முதலில் செய்தவர் தன் கடிதத்தைத் திரும்பப் பெறாமல் புதியதை ஏற்க முடியாது என்று பதில் வந்தது. அந்த முதலில் செய்தவர் நான். அதன் பிறகு நான்கு தடவை என் படியேறி வந்தாள். விசாரணை நடக்கிறது, உண்மை தானாக வெளியே வரும் என்று நான்கு தடவையும் சொன்னேன். மூன்றாம் தடவை என் காலைத் தொட வந்தாள். எனக்கு அருவருப்பாக இருந்தது. நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

மே மாதம் ஒரு மத்தியானம் கடைசியாக வந்தபோது போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். ரெக்ஸ். தலையணையில் பாதி முகம்தான் தெரிந்தது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது.

"முசியே, கரண்டி பொம்பளதான? இப்ப மறக்க மாட்டேன்" என்று சிரிக்கப் பார்த்தான். மூச்சு வாங்கியது. "எம் பொண்ண ஒரு தடவ மடியில வச்சிக்கணும் முசியே. ஒரு எழுத்துதான. நீங்க நெனச்சா முடியும்."

"விசாரணை நடக்குதுப்பா" என்றேன்.

"அப்பா" என்று குழந்தை எட்டிப் பார்த்தது. அதற்குள் முடி வளர்ந்திருந்தது. பாவாடை, காதில் தோடு, நெற்றிக்கு மேலே சிவப்பு கிளிப். இப்போது யார் பார்த்தாலும் பெண் பிள்ளை என்று சொல்லிவிடலாம். ஜனவரியில் அப்படி இல்லை.

ஜூலை பதினொன்றாம் தேதி ரெக்ஸ் இறந்துபோனான். ஆகஸ்டில் விசாரணை முடிந்து, மூலச் சான்றிதழ் அசல்தான், அதில் ஆரம்பத்திலிருந்தே பெண் என்றுதான் இருந்தது என்று பதில் வந்தது. செப்டம்பரில் கடவுச்சீட்டும் வந்துவிட்டது. மெரின் இப்போது எப்போது வேண்டுமானாலும் பிரான்சுக்குப் போகலாம். அங்கே போய்ப் பார்க்க ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் ஆஷ்லின் உங்களிடம் புகார் கொடுத்தாள். நியாயமான புகார்.

நீங்கள் என்னவோ கெட்டிக்காரத்தனமாக விசாரித்தீர்கள். என் கணினியைத் திறந்து பார்த்தீர்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை ஜெர்ரி என்று ஒரு பையனுடைய சான்றிதழ் செய்திருந்தேன். புதன்கிழமை அதே கோப்பில் பெயரையும் தேதியையும் மாற்றி மெரினுடையதைச் செய்திருக்கிறேன். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அந்தப் பையனோட 'ஆண்' அப்டியே நின்னுபோச்சு முசியே. மேல மாத்துனீங்க, கீழ மாத்த மறந்துட்டீங்க. இதுல சதி எங்க இருக்குது?" என்றீர்கள். அதோடு விடவில்லை. "மீன் சமாச்சாரம் நடந்தது வியாழக்கெழம. கவர் புதங்கெழமையே ஒட்டியாச்சு. அவங்க மேல கோவம் வர்றதுக்கு மின்னாடியே எப்டி பழிவாங்குவீங்க? தேதி இடிக்குதே. வயசானவரு, கண்ணு அசந்துபோச்சு. கைத்தவறுன்னு எழுதுங்க, முடிச்சுடலாம்."

தேதி இடிக்கவில்லை. திங்கட்கிழமை வந்தபோதே அவள் என் தொட்டியை ஒரு பார்வை பார்த்தாள். எதையும் சொல்லவில்லை, ஆனால் பார்த்தாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இவள் ஏதோ சொல்லப் போகிறாள் என்று. வியாழக்கிழமை அவள் பேசப்போவதற்குப் புதன்கிழமையே தண்டனை கொடுத்துவிட்டேன். மனிதர்களைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோடத் தெரிந்தவன் நான். இது உங்களுக்கு விளங்காமல் போனால் அது என் குறை இல்லை.

இரண்டாவது கடிதத்தைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. கிழவர் தன் வேலையை நம்பி எழுதியிருப்பார் என்று விட்டுவிட்டீர்கள். நான் நம்பி எழுதவில்லை. மூலச் சான்றிதழின் நகல் அப்போது என் மேசைமேல் விரித்துக் கிடந்தது. பெண் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்தான் என் பேனா மூடியை வைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே ஆண் என்று இருந்ததாக எழுதினேன். ஒரு மாதம் கழித்தோ இரண்டு மாதம் கழித்தோ ஒரு வரி எழுதி அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றிருக்கலாம். ரெக்ஸ் போனில் கெஞ்சிய அன்று சாயங்காலம் எழுதியிருந்தால் கூட ஜூன் மாதத்துக்குள் கோப்பு நகர்ந்திருக்கும், குழந்தை போய்ச் சேர்ந்திருக்கும். அன்று சாயங்காலம் நான் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினேன்.

தொட்டியைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஜூன் மாதம் பெரியவன் செத்துப்போனான். துடுப்பெல்லாம் கிழிந்து மூலையில் கிடந்தான். அதன் பிறகு மதாம் நன்றாக வளர்ந்திருக்கிறாள். பெரியவன் அளவுக்கு ஆகிவிட்டாள். வாசலில் நிற்பதில்லை, தொட்டி முழுக்கச் சுற்றுகிறாள், எல்லா ஓடுகளைச் சுற்றியும் பள்ளம் தோண்டுகிறாள், என் விரலைக் கூடக் கடிக்க வருகிறாள். துணை போன பிறகு பெண்களுக்கு அப்படி ஒரு துணிச்சல் வருவது உண்டு. பழைய பதிவேடுகளைப் படிக்க மேசையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். மதாமைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கலாமே என்று ஜானகிராமன் இரண்டு தடவை கேட்டார். தெரிந்த ஒன்றை எதற்குப் பார்க்க வேண்டும்? அவரை இப்போது நான் வீட்டுக்குள் விடுவதில்லை.

ஆகவே நான் சொல்கிறபடி பதிவு செய்துகொள்ளுங்கள். தனிஸ்லாஸ் ஆகிய நான், நல்ல நினைவோடும் நல்ல கண்பார்வையோடும், மெரின் பெண் குழந்தை என்பதை முதல் நாளிலிருந்தே அறிந்திருந்து, வேண்டுமென்றே ஆண் என்று எழுதினேன். கேட்டபோது வேண்டுமென்றே பொய்க் கடிதம் கொடுத்தேன். சாகக் கிடந்த ஒருவன் தன் மகளை மடியில் வைத்துப் பார்க்காமலே சாகும்படி, நாள் கணக்குத் தெரிந்தே, ஐந்து மாதம் சும்மா இருந்தேன். ஆஷ்லின் எதற்கும் பொறுப்பில்லை. எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள், எத்தனை வருடம் வேண்டுமானாலும் கேளுங்கள், நான் வக்கீல் வைக்கப் போவதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள்தான். கைத்தவறு என்ற சொல்லை உங்கள் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். கொலைகாரன் என்று ஊர் சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். முசியேவுக்கு ஆண் எது, பெண் எது என்று தெரியவில்லை என்று மட்டும் ஒருவரும் சொல்லிவிடக் கூடாது.